இறுகிய டைமிங் கியர்: நெம்புகோலா, புல்லரா, நெருப்பா?

என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்கின் முன்பக்க ஆயில் சீல் கசிகிறது. பெல்ட்டைக் கழற்றியாயிற்று, நடு போல்ட்டும் வந்துவிட்டது. கிராங்க் முனையில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரமான டைமிங் கியர் மட்டும் இம்மியும் நகரவில்லை. இத்தனைக்கும் பெல்ட் ஓடும் பல என்ஜின்களில் இந்தக் கியர் கையால் இழுத்தாலே வரும் பொருத்தம்தான். ஆண்டுக்கணக்கில் ஈரம் புகுந்து பிடித்த துருவோ, போல்ட் தளர்ந்து ஓடியதால் நசுங்கிய கீயோ (கியரைக் கிராங்க்கோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) அதைப் பிடித்து வைத்திருக்கிறது. துரு என்றால் ஊடுருவும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்ட பிறகே கருவியைத் தொட வேண்டும்.

பலரும் முதலில் எடுப்பது இரண்டு டயர் லிவர். அம்பாசடரின் 1489 சிசி என்ஜினுக்கு அது சரியான வழியே. அங்கே பெல்ட்டுக்குப் பதிலாக இருக்கும் டைமிங் செயினும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே வர வேண்டும். சிறு நெம்புகோல்களால் இரு சக்கரங்களையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். பின்னால் இருப்பது எஃகுத் தகடு என்பதால் நெம்பலைத் தாங்கும். (கிராங்க் சக்கரத்தின் பின்னால் இருக்கும் மெல்லிய வாஷர்களைத் தொலைத்துவிடக் கூடாது, செயின் நேராக ஓடுவது அவற்றால்தான்.) பெல்ட் என்ஜின்களில் நிலைமை வேறு. கியருக்குப் பின்னால் பெரும்பாலும் ஆயில் பம்பின் அலுமினிய உடல் இருக்கும். நெம்பும் விசை முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. சீல் உட்காரும் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தால், சிறிய வேலை பம்பையே மாற்றும் வேலையாகிவிடும்.

நடுத்திருகை முறுக்கிக் கியரை வெளியே இழுக்கும் கருவியான புல்லரின் பெரிய நன்மை இங்கேதான். அது கியரை இழுக்கும்போது கிராங்க்கின் முனையையே தாங்கலாகக் கொள்கிறது. அலுமினியத்துக்கு எந்தச் சுமையும் போவதில்லை. ஆனால் எல்லாப் புல்லரும் ஒன்றல்ல. கடைகளில் எளிதில் கிடைக்கும் மூன்று கால் புல்லரை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கால்கள் நுழையப் பின்னால் இடம் இருக்காது. நுழைந்தாலும் பற்களின் ஓரத்தைத்தான் பிடிக்கும். இந்தக் கியர்களில் பல, உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தவை. வளையாமல் உடையும் குணம் கொண்டவை. ஓரம் உடைந்த பல், புதிய பெல்ட்டை அரித்துத் தின்னும்.

போல்ட் வைத்து இழுக்கும் புல்லரே என் தேர்வு. ஸ்டீயரிங் கழற்றப் பயன்படும் புல்லரே போதும். சில கியர்களின் முகத்தில் இதற்கென்றே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். விசை நடுவில் சமமாக விழும், பற்களைத் தொடவே தேவையில்லை. துளை இல்லையா? கியர் எப்படியும் மாறப்போகிறது, முகமும் தடிமனானது என்றால், எதிரெதிரே இரண்டு துளை போட்டு மரை வெட்டிக்கொள்ளலாம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர் டிரில், 8 மில்லிமீட்டருக்கு 6.8. டிரில் பின்னால் ஊடுருவாதபடி ஆழத்தை அளந்து, அதன் மேல் டேப் சுற்றி அடையாளம் வைப்பது கட்டாயம். எந்தப் புல்லர் ஆனாலும் அதன் நடுத்திருகு கிராங்க்கின் உள்மரையைச் சிதைக்கவிடக் கூடாது. வாஷரை எடுத்துவிட்டுப் பழைய போல்ட்டையே உள்ளே திருகி, அதன் தலைமேல் புல்லரை அமர்த்தலாம். தலை கியரின் துளையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சூடு தனியாகச் செய்யும் வேலை குறைவு. 28 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்புக் கியரை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை விரிவது ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர்தான். துருவின் பிடியைத் தளர்த்த அது உதவும், ஆனால் புல்லர் இழுவையில் இருக்கும்போதே சூடு காட்ட வேண்டும். தாமதித்தால் கிராங்க்கும் சூடாகி விரிந்து, பலன் போய்விடும். ஹீட் கன் போதும். பெட்ரோல் குழாய்க்கு அருகே திறந்த தீயைக் கொண்டுபோவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. சீல் புதிதாக மாற்றப்படாத வேலை என்றால் சூடே வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்.

இவை எதற்கும் மசியாவிட்டால் வெட்டுவதுதான் வழி. பலர் இதற்கு அஞ்சுகிறார்கள். இடம் அறிந்து வெட்டினால் புல்லரைக் கண்மூடித்தனமாக முறுக்குவதைவிட இது பாதுகாப்பானது. வெட்ட வேண்டிய இடம் கீக்கு நேர் மேலே. கீக்கான பள்ளம் இருப்பதால் கியர் அங்கேதான் மெலிந்திருக்கும். கிரைண்டர் சற்று ஆழமாகப் போனாலும் அடிபடுவது கீயே, கிராங்க் அல்ல. வெட்டும் முன் சீலைச் சுற்றி ஈரத்துணி வைத்து மூட வேண்டும். முழுதும் அறுக்காமல் மெல்லிய படலம் மிஞ்சும்போது நிறுத்தி, வெட்டுக்குள் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் கியர் பிளந்து பிடியை விட்டுவிடும். பிறகு கிராங்க் முனையை நைசான உப்புத்தாளால் துருப்போகத் தேய்த்து, புதுக் கீயுடன் புதுக் கியரை வெறும் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். கையால் ஏறும் வகைக் கியர் ஏறாமல் நின்றால் சுத்தியலை எடுக்காமல், துரு எங்கே மிச்சம் என்று மறுபடி தேட வேண்டும்.