1969 டாட்ஜ் சார்ஜர் மாடல் கிட்: கட்டியதும், கட்டிய பிறகும்

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே பனி விழ ஆரம்பித்தால் மார்ச் வரை வாரக்கடைசி எல்லாம் வீட்டுக்குள்தான். அப்படி ஒரு குளிர்காலத்துக்காக மூன்று வருடத்துக்கு முன் வாங்கியதுதான் இந்த 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி கிட், அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி நாமே கட்டும் மாடல் பெட்டி. ஆர்/டி என்பது சார்ஜரின் வேக ரகம். 1/25 அளவு. முடிந்த கார் சுமார் 21 செ.மீ. நீளம். கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடமாக அலமாரியில் நிற்கிறது. கட்டிய கையோடு எழுதியிருந்தால் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கும்.

பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்க வேகக் கார்கள், அதாவது மசில் கார்கள், எத்தனையோ இருக்க இது ஏன் என்றால், இந்தக் காரின் பக்கவாட்டுத் தோற்றம்தான். கதவுப் பக்கம் இடுப்புபோல் ஒடுங்கி, பின் சக்கரத்துக்கு மேல் திரண்டு எழும். 1969 மாடலில் முன் கிரில்லை நடுவில் ஒரு பட்டை இரண்டாகப் பிரிக்கும். ஹெட்லைட்டுகள் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இந்த கிட்டில் இதெல்லாம் சரியாக வந்திருக்கிறது. பின் கண்ணாடி உள்வாங்கி நிற்கும் இடம்கூட அப்படியே இருக்கிறது. அந்த வடிவத்துக்காக மற்ற குறைகளை நான் பொறுத்துக்கொண்டேன்.

என் நேரம் அதிகம் போனது எஞ்சினில். கிட்டில் வருவது 426 ஹெமி எஞ்சின். 426 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு. 7 லிட்டர், 425 குதிரைத்திறன் என்று அந்தக் காலத்தில் அறிவிக்கப்பட்டது. ஆர்/டியில் வழக்கமாக வருவது 440 மேக்னம் எஞ்சின்தான், ஹெமிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பெட்ரோல் எரியும் அறை அரைக்கோள வடிவம் (ஹெமி என்ற பெயரே அதனால்தான்) என்பதால் வால்வுகள் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும், ஸ்பார்க் பிளக் நடுவில் இறங்கும். வால்வு கவர் அவ்வளவு அகலமாக இருப்பதும், பிளக் வயர் அந்தக் கவரின் நடுவிலேயே உள்ளே போவதும் அதனால்தான். புத்தகத்தில் எத்தனை தடவை படித்திருப்பேன்! அந்த ஆரஞ்சு நிற எஞ்சினை விரல் நுனியில் பிடித்தபோதுதான் முழுசாகப் புரிந்தது.

ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயர்கள் கிட்டில் வராது. மெல்லிய கறுப்பு வயர் தனியாக வாங்கி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கைத்துளைப்பானால் ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டேன். மூடி ஒரு மிளகு அளவுதான் இருக்கும். துளைக்கும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பக்கத்து ஓட்டையோடு சேர்ந்துவிடும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. டிரைவர் பக்கம் ஒற்றைப்படை சிலிண்டர்கள், அந்தப் பக்கம் இரட்டைப்படை. அந்த வரிசையைத் தாளில் எழுதி முன்னால் ஒட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒரு இரவுக்கு இரண்டு வயர் என்று நான்கு இரவு. பானெட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் திறப்பது பானெட்டைத்தான்.

பெயின்ட் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன், மற்றவர்கள் செய்ய வேண்டாம். வீட்டில் இருந்த எனாமல் பிரைமரை (அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல் லாக்கர் என்ற வேறு வகை பெயின்ட்டை ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் மேற்கூரை முழுக்கக் காய்ந்த திராட்சைபோல் சுருங்கிவிட்டது. லாக்கரில் இருக்கும் கரைப்பான் அடியில் இருக்கும் எனாமலைத் தின்றுவிடும். லாக்கர் மேல் எனாமல் போகலாம், எனாமல் மேல் லாக்கர் போகக் கூடாது. எல்லாவற்றையும் கரைத்தெடுத்துவிட்டு மறுபடி பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, 600, அப்புறம் 1000 நம்பர் உப்புத்தாள் போட்டு, லாக்கர் பிரைமரோடு தொடங்கினேன். அடர் பச்சை மெட்டாலிக், மெல்லிசாக ஐந்து பூச்சு. குளிரில் ஸ்ப்ரே கேன் சரியாகத் தெளிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுத்தால் பூச்சு வழவழப்பாக விழும். கொதிநீர் மட்டும் வேண்டாம், கேன் வெடிக்கும்.

கிட்டோடு வரும் விளக்கத்தாளில் எஞ்சின் அறைக்குக் கறுப்பு என்று போட்டிருந்தது. நல்லவேளை, அந்த ஆகஸ்ட்டில் உட்வர்ட் டிரீம் குரூஸ் போயிருந்தேன். உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் மைல்கணக்கில் ஊர்ந்து போகும் அந்த நாளில், ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு சார்ஜரின் சொந்தக்காரர் நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு தானாகவே பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே சுவரெல்லாம் காரின் நிறமேதான். நிறைய படம் எடுத்துக்கொண்டு வந்து கறுப்பை மாற்றினேன்.

கிட்டின் குறைகள்: பானெட் ஒரு பக்கம் தூக்கி நின்றது, ஓரத்தைத் தேய்த்துத்தான் உட்கார வைக்க முடிந்தது. முன் கண்ணாடி தடிமன் அதிகம். கண்ணாடிகளுக்கு வெள்ளைப் பசை போதும். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும்.

இனி இரண்டு வருடத்தில் தெரிந்தவை. முதலாவது டயர். காரை வைத்திருந்த பெட்டியின் அடித்தட்டு பிளாஸ்டிக். ஒரு நாள் தூசி துடைக்கத் தூக்கினேன், நான்கு சக்கரமும் தட்டில் ஒட்டிக்கொண்டு மேலே வர மறுத்தன. மெல்லப் பிரித்துப் பார்த்தால் தட்டில் நான்கு பள்ளம். மிருதுவான வினைல் டயரில் இருக்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சக்கரத்தின் உள்வளையத்தையும் அது விட்டுவைக்காது. இப்போது டயரைக் கழற்றி, வளையத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டி, திரும்ப மாட்டியிருக்கிறேன். காரையும் மரப்பலகைக்கு மாற்றிவிட்டேன். ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லை.

அடுத்தது கதவோரம் பின்னால் பார்க்க இருக்கும் சைடு மிரர். அதை சூப்பர் குளூவில் ஒட்டியிருந்தேன். சூப்பர் குளூ நாளாக ஆக மொறுமொறுப்பாகிவிடும். லேசாகத் தட்டியதும் கழன்று விழுந்தது. சிறு கம்பியை உள்ளே செருகி எபாக்சி பசை வைத்தேன். பின்புறத்தைச் சுற்றி வரும் வெள்ளைப் பட்டை டீக்கல் (ஒட்டுப்படம்) கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, அதற்கு வழி தெரியவில்லை. பெயின்ட் மட்டும் அன்று பார்த்த மாதிரியே இருக்கிறது. குரோம் பம்பரைத் துணியால் துடைக்காதீர்கள், முலாம் தேய்ந்துவிடும். மேக்கப் பிரஷ் போதும்.

முதல் தடவை மாடல் கட்டுகிறவர்களுக்கு இந்த கிட்டை வாங்கச் சொல்ல மாட்டேன். பசை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட் ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள். கிட் விலையைப்போல் இரண்டு மடங்கு பெயின்ட்டுக்கும் கருவிக்கும் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இதே கிட்டில் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறை சிவப்பு. போன வாரம் பெட்டியைப் பிரித்து, பாடியைச் சோப்பில் கழுவிக் காய வைத்திருக்கிறேன்.