ஷாஜகான் ஆல்பம் பக்கத்தைப் பிரிண்ட் போட்டு வாங்கினேன், இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது

முதல் பார்சலைப் பிரித்ததும் வயிறு எரிந்தது. பேப்பர் நல்ல தடிமன், பேக்கிங்கையும் குறை சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தின் மேலேயும் கீழேயும் இருந்த பூ ஓரம் பாதியைக் காணோம்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 பிப்ரவரியில் காப்புரிமை இல்லாத தன் படைப்புகளின் படங்களை யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மொகலாய அரசவையில் ஓவியங்களையும் அழகெழுத்துப் பக்கங்களையும் சேர்த்துக் கட்டிய ஷாஜகான் ஆல்பத்தின் 50 ஏடுகளில் 41 அங்கேதான் இருக்கின்றன, மீதி 9 வாஷிங்டனில் ஃப்ரீயர் காலரியில். அதிலிருந்து ஒரு எழுத்துப் பக்கத்தை எடுத்து, ஆன்லைனில் பிரிண்ட் போட்டுத் தரும் ஒரு கடைக்கு அனுப்பினேன்.

நடுவில் இருப்பது இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத்தைச் சேர்ந்த அழகெழுத்துக் கலைஞர் மீர் அலியின் நஸ்தலீக் எழுத்து, பாரசீகத்தை எழுதும் ஒரு பாணி, வரிகள் சாய்ந்து சாய்ந்து இறங்கும். 1529இல் உஸ்பெக்குகள் அவரை இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாராவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்தியாவுக்கு அவர் வரவே இல்லை, அவர் கையெழுத்துதான் வந்தது. மொகலாய அரசர்கள் அதைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, அரசவைப் பட்டறையில் அந்தத் தாளைச் சுற்றி வேறு ஏடுகளிலிருந்து நறுக்கிய குட்டிக் குட்டிக் கவிதைத் துண்டுகளை ஒட்டி, தங்கக் கோடு இழுத்து, வெளியே அகலமாகப் பூ ஓரம் வைத்தார்கள். இந்த மாதிரி ஆல்பத்துக்குப் பெயரே முரக்கா, ஒட்டுப்போட்டது என்று அர்த்தம். எழுத்து பாரசீகம் என்றால் ஓரம்தான் இந்தியா. கரையை வெட்டிவிட்டுப் பட்டுப்புடவை கொடுத்தால் வாங்குவோமா?

நடந்தது இதுதான்: ஏடு சுமார் 38.6 × 26.5 சென்டிமீட்டர், கடைக்காரர்கள் கேட்காமலேயே அதை 12 × 16 இஞ்சுக்குப் பொருத்திவிட்டார்கள், அகலம் 12 இஞ்ச் வரும்படி பெரிதாக்கியதில் உயரம் 16ஐத் தாண்டி, மேலும் கீழுமாக ஒன்றரை இஞ்ச் போய்விட்டது. அப்புறம் கிளாஸி பேப்பர். அசலில் தங்கம் மட்டும்தான் மின்னும், அதுவும் ஏட்டைச் சற்றுச் சாய்த்தால். இதில் பக்கம் முழுக்கப் பளபளத்து, தங்கம் மஞ்சள் குழைத்துப் பூசியது போல ஆகிவிட்டது.

போன் செய்து விளக்கினேன். எதிர்முனையில் இருந்த பையன் பொறுமையாகக் கேட்டு, காசு வாங்காமல் மேட் பேப்பரில், அசல் அளவிலேயே, சுற்றிலும் வெள்ளை விட்டு மறுபடி அனுப்பினார். அதனால்தான் கடை பெயரை இங்கே போடவில்லை.

இரண்டாவது பிரிண்ட் அருமை. தங்கம் இதிலும் தங்கமாகத் தெரியாது, அதை எந்த மெஷினும் தராது. ஆனால் எழுத்து! நாணல் பேனாவின் நுனியைச் சரிவாக வெட்டியிருப்பதால் புள்ளி வட்டமாக விழாமல் சாய்சதுரமாக விழுகிறது, எழுத்தின் நீளத்தையும் வளைவையும் அந்தப் புள்ளியை வைத்துத்தான் அளப்பார்கள். ஒரு நீட்டல் மெலிசாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடிகிறது. வரிகளைச் சுற்றி மேகம் போல விளிம்பு விட்டு, மிச்ச இடமெல்லாம் தங்கம். இவ்வளவும் தெளிவாக வந்திருக்கிறது.

நீங்கள் போடுவதாக இருந்தால் ஆர்டரிலேயே 'ஓரத்தை வெட்ட வேண்டாம், மேட் பேப்பர்' என்று எழுதிவிடுங்கள். ஃப்ரேம் கடையிலும் பக்கத்திலேயே நின்று பாருங்கள், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை உள்ளே தள்ளி வைத்தால் பூவெல்லாம் மறுபடி மறைந்துவிடும்.