தனி கிளினிக் குடும்ப டாக்டரா, பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யா? எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம்

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. ஒன்றரை வருடம் அவரை எங்கள் சிறு நகரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் ஓ.பி.க்கு அழைத்துப் போனேன். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே என்பதுதான் காரணம். அம்மா அதற்கு இசையவில்லை. இருபது வருடமாகப் பார்த்துவந்த குடும்ப டாக்டரிடமே போய்வந்தார். ஒரே வீட்டில் இரண்டு வழியும் நடந்ததால் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இப்போது இருவருமே அந்தக் குடும்ப டாக்டரிடம்தான் போகிறார்கள். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை நீட்டப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் லேப், ஸ்கேன், மருந்துக்கடை எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும். நள்ளிரவிலும் ஆள் இருப்பார்கள். கிளினிக்கில் அது கிடையாது. ஆனால் டாக்டருக்கு நம் பெயர் தெரியும், வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலியோ, வாய் கோணுவதோ, ஒரு பக்கம் கைகால் வராமல் போவதோ என்றால் குடும்ப டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த இடத்தில் கிளினிக்கை ஒப்பிடவே கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: இன்றைய ரிப்போர்ட்டைப் பழைய ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யார்?

நடந்ததைச் சொல்கிறேன். ஓ.பி.யில் அப்பாவை ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர்தான் பார்த்தார். முதலில் பார்த்தவர் ரத்த அழுத்தத்துக்கு எனாலபிரில் கொடுத்தார். கால் வீங்குகிறது என்று சொன்னபோது இன்னொருவர் நீர் மாத்திரை சேர்த்தார். முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டர் வலி மாத்திரை எழுதினார், அதை அப்பா விடாமல் இரண்டு மாதம் சாப்பிட்டார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று சீட்டுகளிலும் தவறு சொல்ல முடியாது. மூன்றும் ஒரே உடம்புக்குள் சேரும்போதுதான் பிரச்சினை. நீர் மாத்திரை உடம்பின் நீரளவைக் குறைக்கிறது. வலி மாத்திரை சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் வழியைச் சுருக்குகிறது. எனாலபிரில் அது வெளியேறும் வழியைத் தளர்த்திவிடுகிறது. கடைசியில் வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகிறது. மருத்துவத்தில் இது நன்றாக அறியப்பட்ட ஆபத்து. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம்.

அப்பா சோர்ந்துபோனார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் இது ஏறினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று பொருள்) 1.2 என்று வந்தது. லேபின் நார்மல் அளவு 1.3 வரை. எண் தடித்த எழுத்திலும் வரவில்லை, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இல்லை. ஓ.பி.யில் பார்த்தவர் "கிட்னி நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவைத் தன் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் அலமாரியிலிருந்து அப்பாவின் பழைய அட்டையை எடுத்தார். மூன்று வருடங்களுக்கு முன்பு 0.8, அதற்கு முன்பும் 0.8. "ஐயா, இந்த நம்பர் நார்மல்தான். ஆனா உங்களுக்கு இது நார்மல் இல்லை" என்றார். பிறகு வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். சீட்டு போதாது, மாத்திரையே வேண்டும் என்றார். மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார். ஆஸ்பத்திரி டாக்டரை போனில் அழைத்துப் பேசி நீர் மாத்திரையையும் நிறுத்திவைத்தார். மூன்று வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் 0.9.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கையில் அன்றைய தாள் மட்டும்தான் இருந்தது. அப்பாவின் 0.8 யாருடைய நினைவிலும் இல்லை. ஊரில் "கைராசிக்காரர்" என்று சிலரைச் சொல்வார்கள். அந்தக் கைராசியில் பெரும்பங்கு இந்தப் பழைய அட்டைதான் என்று அன்றைக்குத் தோன்றியது.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. ஒரே குடும்ப டாக்டரிடம் ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 15 வருடங்களுக்கு மேல் இருந்தவர்களுக்கு அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்ததாம். இதைத் தனி கிளினிக்கின் வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போவதன் பலன் என்றுதான் சொல்ல முடியும். உங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் பார்ப்பாரென்றால், என் வாதத்தின் பாதி பலம் போய்விடும். எங்களுக்கு அப்படி அமையவில்லை.

அடுத்து, பெயர்ப்பலகை. டாக்டர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. மருத்துவக் கவுன்சில் பதிவு என்பது தொழில் செய்ய அனுமதி, அவ்வளவே. சங்க உறுப்பினர் என்றால் பெரும்பாலும் சந்தா கட்டியவர் என்று பொருள். தேர்வு எழுதிப் பெற்றது என்றால் அது வேறு விஷயம். பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி 1952இல் தொடங்கியது, உறுப்பினர் ஆவதற்கான தேர்வு 1965இல் தொடங்கியது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவத்துக்கு 1969இல் அமைந்த சான்றிதழ் வாரியம் சான்றிதழுக்கே காலக்கெடு வைத்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேர்வெழுதிப் புதுப்பிக்க வேண்டும். உலக அளவில் குடும்ப மருத்துவர் அமைப்புகளை இணைக்கும் 'வோன்கா' 1972இல் உருவானது. இத்தனை எழுத்துகளில் நான் தேடுவது ஒன்றுதான்: இந்த டாக்டர் படிப்பை நிறுத்தாமல் இருக்க எதாவது அவரைக் கட்டாயப்படுத்துகிறதா? தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு இது ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரியில் தவறினால் பக்கத்து அறையில் இருப்பவர் சுட்டிக்காட்டுவார். கிளினிக்கில் அப்படி யாரும் இல்லை.

எங்கள் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது, அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்ப மருத்துவர் சங்கத்தில் மாதம் ஒருமுறை கூடிக் கடினமான நோயாளிகளைப் பற்றி விவாதிப்பார்களாம். எந்த ஆஸ்பத்திரியிலும் சம்பளமோ பங்கோ கிடையாது என்றார். ஆளை வெளியே அனுப்பும்போது அது எனக்குத் தெரிகிறது: இதயத்துக்கு ஓர் இடம், கண்ணுக்கு வேறோர் இடம், எலும்புக்கு இன்னோர் இடம். கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்புவார். திரும்பி வந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுதாகப் படித்து அட்டையில் குறித்துவைப்பார். ஆஸ்பத்திரி ஓ.பி.யில் எங்களை அந்தக் கட்டடத்துக்குள்ளேயேதான் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அங்கே நல்ல ஸ்பெஷலிஸ்டும் இருந்தார்கள், ஆனால் தேர்வு எங்களிடமும் இல்லை, அந்த டாக்டரிடமும் இல்லை.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு முதியவர்கள்தான். நீண்டகால வியாதி உள்ளவர்களை வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒரு காய்ச்சல் மட்டும் வரும் ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமலும் போகலாம். மூன்று நான்கு டாக்டர்கள் சேர்ந்து ஒரே பதிவேட்டை வைத்து நடத்தும் கிளினிக் இரண்டுக்கும் நடுவில் நல்ல வழியாக இருக்கலாம். எங்கள் பக்கம் அப்படி ஒன்று இல்லை.

தனி டாக்டரின் பலவீனம் அவர் ஒருவர்தான் என்பதே. அவர் வெளியூர் போன பத்து நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து அலைந்தோம். இப்போது லீவு போடும்போது யார் பார்ப்பார் என்பதைக் கதவில் எழுதி ஒட்டுகிறார். நாங்கள் கேட்டதால்தான் அதைச் செய்தார். அவருக்கும் 63 வயது ஆகிவிட்டது. அவர் ஓய்வுபெற்றால் அந்த அலமாரி என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. அவரிடம் சொன்னபோது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு அப்பா அம்மா இருவரின் அட்டைகளையும் என் கையில் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முதல் பக்கத்தில் இருபது வருடங்களுக்கு முந்தைய அம்மாவின் எடையும், பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பும் இருந்தன. அந்த ஒவ்வாமை பற்றி எனக்கு அதுவரை தெரியாது. இப்போது அதை அம்மாவின் கைப்பையில் ஒரு சீட்டாக எழுதி வைத்திருக்கிறேன்.