செஸ்ட்ரல் கடிகாரமும் காற்றழுத்தமானியும்: கோல்செஸ்டர் பக்கத்துப் பட்டறை ஒன்றின் பழுதுபார்ப்புப் பணி

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், மால்டன் அருகே பிளாக்வாட்டர் கழிமுகத்தில் நிற்கும் எங்கள் பழைய மரப் படகின் கேபின் சுவரில் இரண்டு பித்தளைக் கருவிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரம். மற்றது அனிராய்டு வகை, அதாவது உள்ளே திரவம் இல்லாத காற்றழுத்தமானி. லண்டனுக்குக் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் இயங்கிய ஹென்றி பிரவுன் அண்ட் சன் நிறுவனத்தின் ‘செஸ்ட்ரல்’ முத்திரை இரண்டிலும் உண்டு. படகை வாங்கியபோது கூடவே வந்த இவற்றை அழகுப் பொருளாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கைப்பேசியில் வானிலை பார்க்கலாம் என்றாலும், நாம் நிற்கும் இடத்தில் காற்றழுத்தம் இந்த நிமிடம் எப்படி மாறுகிறது என்பதைச் சுவரில் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கருவி தனி மதிப்புடையது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் இவற்றைக் கொடுத்து ஏமாந்தேன். அவர்கள் செய்ததெல்லாம் வெளிப்புறத்தைப் பளபளப்பாக்கியது மட்டுமே. சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் தேய்த்து, பித்தளையைக் காக்கும் பழைய லாக்கர் என்ற ஒளிபுகும் பூச்சை முழுவதும் உரித்து, அம்மோனியா கலந்த மெருகு திரவத்தைத் திருகுத் துளைகளுக்குள் தேங்கவிட்டுத் திருப்பித் தந்தார்கள். உப்புக் காற்றில் இரண்டே மாதத்தில் விளிம்பெங்கும் பச்சைக் களிம்பு படர்ந்தது. ஓராண்டுக்குள் கடிகாரமும் நின்றுவிட்டது.

ஆகவே இம்முறை, 1858-இல் தொடங்கப்பட்ட கடிகாரத் தொழில் அமைப்பான பிரிட்டிஷ் ஹோராலஜிக்கல் இன்ஸ்டிடியூட்டின் அங்கீகாரம் பெற்ற ஒருவரைத்தான் தேடினேன். கோல்செஸ்டர் பக்கம் ஒரே ஒருவர் நடத்தும் சிறிய பட்டறை அது. நான் சென்றதும் அவர் பித்தளையின் நிறத்தைப் பார்க்கவே இல்லை. பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியோடு அரைமணி நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. ஒரு சக்கரத்தின் அச்சுத்துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. அந்தத் துளையில் புதிய புஷ் (அச்சைத் தாங்கும் சிறு உலோக வளையம்) பொருத்தி, இயந்திரத்தை முழுவதும் பிரித்துக் கழுவி, உரிய இடங்களில் மட்டும் துளித்துளியாக எண்ணெய் இட்டிருக்கிறார். எல்லா இடத்திலும் எண்ணெய் பூசுவது கடிகாரத்துக்குச் செய்யும் நன்மையன்று, அது தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

அம்மோனியாவைப் பற்றி அவர் சொன்ன செய்தி என்னை வியக்கவைத்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், ஈரமும், சூடாக்காமல் இழுத்து வடிவமைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்பது 1921-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. கடிகாரத்தின் மெல்லிய பித்தளைப் பாகங்களுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால் அவர் அம்மோனியா இல்லாத கழுவுநீரையே பயன்படுத்துகிறார். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும்: புளியின் அமிலம் விளக்கிலிருந்து எளிதில் கழுவப்பட்டுவிடும், ஆனால் கருவியின் இடுக்குகளில் தங்கினால் அரித்துக்கொண்டே இருக்கும்.

காற்றழுத்தமானியில்தான் அவருடைய திறமை முழுவதும் தெரிந்தது. அதன் உயிர், காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகப் பேழை. அது கசிந்திருந்தால் விரிந்துபோய், முள் குறைந்த அழுத்தத்தின் கடைசியிலேயே படுத்துக்கிடக்கும். கருவியைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் இட்டு, வாயைக் கட்டி மெல்ல அழுத்தினார். முள் மேலே ஏறியது. பேழை நலமாக இருக்கிறது, பழுது முள்ளை இழுக்கும் நுண்சங்கிலியின் துருவில்தான் என்று அப்போதே சொன்னார். சங்கிலியைச் சுத்தம் செய்தபின், முன்பு விரலால் நான்கு முறை தட்டினால்தான் அசையும் முள் இப்போது தட்டாமலே நகர்கிறது. பித்தளை உடலைத் தொட்டபடி இருந்த இரும்புத் திருகுகளையும் பித்தளைத் திருகுகளாக மாற்றியிருக்கிறார். உப்பு ஈரத்தில் அவ்விரு உலோகங்களும் சேர்ந்திருந்தால் இரும்பு விரைவாகக் கரையும்.

மீண்டும் லாக்கர் பூசச் சொன்னேன், மறுத்துவிட்டார். படகில் அதில் கீறல் விழுவது உறுதி, கீறலின் வழியே களிம்பு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து பரவும் என்றார். பதிலாக நுண்படிக மெழுகைப் பூசி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மென்துணியால் புதுப்பிக்கச் சொன்னார். ஒரு பருவம் முழுவதும் அப்படிச் செய்து பார்த்துவிட்டேன். நிறம் சற்றே மங்கியது, களிம்பு வரவில்லை.

இப்போது கடிகாரம் வாரத்தில் அரை நிமிடத்துக்கு மேல் பிசகுவதில்லை. வானொலியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததை அவர் சொன்னபடி எதிர்ச்சுவருக்கு மாற்றியதும் ஒரு காரணம்; ஒலிபெருக்கியின் காந்தம், கடிகார ஓட்டத்தைச் சீராக வைக்கும் மயிரிழைச் சுருள்வில்லைக் கெடுத்துவிடும். காற்றழுத்தமானியை பிரிட்டிஷ் வானிலைத் துறையின் அளவோடு பின்புறத் திருகால் பொருத்தி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்துவருகிறேன். மூன்று மணி நேரத்தில் காற்றழுத்தம் 3.6 முதல் 6 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரை குறைந்தால் அத்துறை அதை ‘விரைவான வீழ்ச்சி’ என்று சொல்லும். சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை 4 குறைந்ததைக் கண்டு பயணத்தைக் கைவிட்டோம். மாலையில் வீசிய காற்றில் நங்கூரச் சங்கிலி இரவெல்லாம் முறுகியது.

குறை என்றால் இரண்டு. ஆறு வாரம் என்று சொன்ன வேலை ஒன்பது வாரம் இழுத்தது. காற்றழுத்தமானியின் பல்வேறு அளவுகளில் எவ்வளவு பிழை இருக்கிறது என்ற எழுத்துக் குறிப்பை அவர் தாமாகத் தரவில்லை. கேட்டபின்தான் கையால் எழுதித் தந்தார். இரண்டு கருவிகளுக்கும் சேர்த்து 310 பவுண்டு ஆனது. இது சிறிய தொகையன்று, ஆனால் முந்தைய கடையில் வெறும் மெருகுக்குக் கொடுத்ததை நினைத்தால் இதை மனமுவந்து கொடுக்கலாம். ஒருவரே வேலை செய்வதால் காத்திருப்போர் வரிசை நீளம். அக்டோபரில் படகைக் கரையேற்றியதுமே கருவிகளைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுங்கள், ஏப்ரலில் கொடுத்தால் வெறும் சுவரோடுதான் பருவத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.