வெடக்கோழிக்கு எது தோது: பானையா, கடகமா, மரப்பெட்டியா?

வெடக்கோழியின் (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டையின்) கொண்டை சிவந்து, கிட்டப் போனால் ஓடாமல் றெக்கையை லேசாக அகட்டிக் குந்த ஆரம்பித்துவிட்டால் முதல் முட்டை அதிக நாள் தள்ளிப்போகாது. நாட்டுக்கோழிக்கு இது ஆறாம் மாத வாக்கில் வரும். கிராமப்பிரியா மாதிரி முட்டைக்கென்றே உருவாக்கிய இனங்கள் கொஞ்சம் முந்தும். முட்டை எங்கே விழ வேண்டும் என்பதை அதற்குள் நாம் முடிவு பண்ணாவிட்டால் கோழி முடிவு பண்ணிவிடும். முதல் நாலைந்து முட்டை விழுந்த இடத்தைவிட்டு அதை நகர்த்துவது பெரும்பாடு.

செட்டிநாட்டில் இந்தப் பாடு கூடுதல். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்கட்டில் நாலு கோழி வளர்க்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். முட்டையிடக் கோழி தேடுவது இருட்டு, ஒதுக்கம், ஆள் நடமாட்டமின்மை. அரண்மனை மாதிரி வீட்டில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே கிடையாது. மாடிப்படிக்கு அடியில், விறகு அடுக்குக்குப் பின்னால், கவிழ்த்துவைத்த அண்டா ஓரத்தில் என்று ஒவ்வொன்றும் ஓர் இடம் பிடித்துவைத்திருக்கும். வெளியே விட்டால் இருக்கவே இருக்கிறது வைக்கப்படப்பு, அதாவது வைக்கோல்போர். ஆகவே நாம் வைக்கும் பெட்டி இந்த மூலைகளோடு போட்டிபோட்டு ஜெயிக்க வேண்டும்.

என் ஓட்டு பானைக்கு. வாய் அகன்ற பழைய மண்பானையைப் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் செங்கல் அண்டைகொடுத்து, உள்ளே மூன்று விரற்கடை உயரம் வைக்கோல் போட்டால் போதும். உள்ளே கும்மிருட்டு. அடி வளைவாக இருப்பதால் முட்டைகள் நடுவில் சேர்ந்து கிடக்கும், உருண்டு உடையாது. சித்திரை வெயிலில் தகரமும் பிளாஸ்டிக்கும் கொதிக்கும்போது, அடியில் ஈரமணல் பரப்பிய பானை தாங்கும். ரத்தம் குடிக்கும் செள்ளுப்பூச்சி ஒளிய இடுக்கும் இல்லை. குறை என்ன? ஒரு பானையில் ஒரு கோழிதான் உட்காரும். தரையோடு இருப்பதால் கீரிக்கும் சாரைக்கும் வசதி. கட்டுத்தறி அளவு உயரத்தில் ஒரு மேடை கட்டி அதன்மேல் வைத்தாலும் சாரை ஏறிவிடும். காலையும் மதியமும் முட்டையை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில் அப்படி எடுப்பது எப்படியும் நல்லது. சேவல் கூடிய முட்டை சுமார் 21 டிகிரிக்கு மேலான சூட்டில் கிடந்தால் உள்ளே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். நம் ஊரில் 21 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை.

பனையோலைக் கடகம் அடுத்த இடம். இங்கே ஓலை முடைவதற்குக் குறைவில்லை. செட்டிநாட்டுக் கொட்டான் என்ற ஓலைக்கூடை புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது, அதைக் கோழிக்குக் கொடுத்துவிடாதீர்கள், முரட்டுக் கடகம் போதும். விலை குறைவு, காற்றோட்டம் உண்டு, பேன் பிடித்தால் கொளுத்திவிட்டு வேறு வைக்கலாம். ஆனால் மேலே திறந்து கிடப்பதால் வெளிச்சம் விழும். பாதி வாயைச் சாக்கால் மூடித் தைக்க வேண்டும். விளிம்பில் கோழி காலை வைத்ததும் கடகம் சாய்ந்தால் அது திரும்ப அந்தப் பக்கமே வராது. சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள்.

பத்துக் கோழிக்கு மேல் போனால் மரப்பெட்டி வரிசைதான் வேலைக்காகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடி. நாலைந்து கோழிக்கு ஓர் அறை. வைக்கோல் சிந்தாமல் முன்னால் நாலு அங்குலத் தடுப்பு. மேல்பலகை சரிவாக இருக்கட்டும், இல்லையென்றால் அதன்மேல் ஏறித் தூங்கும். காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் துண்டுப் பலகையே போதும். மரத்தின் வினை அதன் இடுக்குகளில் இருக்கிறது. பகலில் செள்ளு அங்கே ஒளிந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். அவ்வப்போது சுண்ணாம்பு அடித்து, வைக்கோலோடு நொச்சித் தழையும் போட வேண்டும்.

வெட்டிய தண்ணீர் கேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுவ எளிது, ஆனால் வெளிச்சம் ஊடுருவும், சூடு ஏறும். முட்டை தானாக உருண்டு வெளியே வரும் பெட்டி அடைக்கு உட்காரும் நாட்டுக்கோழிக்குத் தோதில்லை.

எதை வைத்தாலும் பழக்குவது தனி வேலை. அதில் மூன்று கட்சி. கேறிக்கொண்டு அலையும் கோழியைப் பிடித்துப் பெட்டிக்குள் போடுவது முதல் கட்சி. எங்கள் தெருவில் தினமும் கேட்கும் பேச்சு இது: "என்னத்தா, இன்னைக்கும் படப்புலயா?" "ஆமாண்ணே, பிடிச்சுப் போட்டேன், மறுகதவுல ஓடிருச்சு." பிடித்த பயத்தில் அது பெட்டியையே வெறுத்துவிடும். இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பொய்முட்டை வைப்பது இரண்டாவது கட்சி. கடைந்த மரமுட்டை, முட்டை அளவுக் கூழாங்கல், மேசைப்பந்து எதுவானாலும் சரி. ஏற்கெனவே முட்டை கிடக்கும் இடம் பத்திரமானது என்று கோழி நம்புகிறது. மேசைப்பந்து எடை இல்லாததால் ஓடிக்கொண்டே இருக்கும், கல்தான் மேல். உண்மை முட்டையை அடையாளத்துக்கு விட்டுவைப்பவர்கள் உண்டு, அது உடைந்து ஒரு கோழி ருசி கண்டுவிட்டால் முட்டை தின்னும் பழக்கம் மந்தைக்கே பரவும்.

மூன்றாவது, மதியம்வரை அடைத்துவைப்பது. பெரும்பாலான முட்டை முற்பகலில் விழும் என்பதால் இது பலிக்கிறது. ஆனால் ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதனால் இன்று எட்டு மணிக்கு வைத்தது நாளை இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து வைக்கும், இப்படியே தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் விட்டுப்போகும். பதினொரு மணிக்கே கதவைத் திறக்கிறவர்களுக்குப் படப்பில் முட்டை கிடைப்பது இதனால்தான். மதியம் ஒரு மணிவரை பொறுங்கள். உள்ளே தண்ணீரும் தீனியும் இருக்கட்டும். பஞ்சாரத்தில் கவிழ்ப்பது இதற்கு ஆகாது, பெட்டி இருக்கும் கொட்டகையில்தான் அடைக்க வேண்டும்.

கல்முட்டையும் கதவடைப்பும் சேர்ந்து இரண்டு வாரம் போனால் பெரும்பாலும் படிந்துவிடும். கூடவே, கொட்டகையின் இருட்டு மூலைகளைப் பலகையால் அடைத்துவிடுங்கள். வெடக்கோழி முதலில் தாழ்வான இடத்தையே நாடும், ஆகவே மரப்பெட்டியைத் தரையோடு வைத்துப் பழக்கிப் பிறகு இரண்டடிக்கு ஏற்றலாம். தூங்கும் கழி அதைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே படுத்து எச்சமிடும், அசிங்கமான பெட்டிக்குள் அடுத்த கோழி நுழையாது. சாயங்காலம் பெட்டி வாயில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு விடியலில் எடுங்கள்.

ஒன்று அடைக்கு உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை மறுபடி படப்புக்குப் போய்விடும். அதை ராத்திரியில், இருட்டில், வேறு கடகத்துக்கு மாற்றுங்கள். குஞ்சு பொரிக்க அவயம் வைக்கப்போகிறீர்கள் என்றால் கல்முட்டையை எடுத்துவிட்டு நல்ல முட்டையை அடியில் தள்ளுங்கள். கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்புத்துண்டும் கூடையில் போடுவது உங்கள் வீட்டு வழக்கம்.