அதிக மாசத்துக்கு 33 அனார்சே: புனேல ஒரு ஸ்வீட் கடை ரிவ்யூ

பொண்ண மராத்திக்காரங்க வீட்ல குடுத்திருக்கோம், நாங்களும் இப்ப புனேதான். 2023ல அதிக ஸ்ராவணம்னு மராத்தி பஞ்சாங்கத்துல எக்ஸ்ட்ராவா ஒரு மாசம் வந்தப்ப பக்கத்து வீட்ல பேசுனத கேட்டுட்டு சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டேன், அவங்களா கேக்க மாட்டாங்க பாவம். இந்த மாசம் மாப்பிள்ளைய விஷ்ணுவா நெனச்சு வீட்டுக்கு கூப்ட்டு சாப்பாடு போட்டு தாம்பாளத்துல 33 அனார்சேயும் (அரிசி மாவும் வெல்லமும் சேத்து நெய்ல சுடற பலகாரம்) ஒரு விளக்கும் வெச்சு குடுக்கணுமாம். ஏன் 33னு கேட்டா ஒருத்தர் முப்பத்து முக்கோடி தேவர்ங்கறார், இன்னொருத்தர் மாசக் கணக்குங்கறார். நமக்கு சூரியன் கணக்கு, இந்த எக்ஸ்ட்ரா மாசமே கெடையாது, ஒரே மாசத்துல ரெண்டு அமாவாசை வந்தா மலமாசம்னு கல்யாணத்த தள்ளிப் போடுவோம் அவ்ளோதான். இவங்க சந்திரன் கணக்கு, வருஷம் 354 நாள்ல முடிஞ்சிரும், அந்த 11 நாள் பாக்கி சேந்து சேந்து 32 மாசம் 16 நாள் ஆனா ஒரு மாசம் தேறும், அத சொருகி சரி பண்ணிக்கிறாங்க.

சரி கடைக்கு வரேன். அதிரசம் சுட்ட கை, நானே பண்றேன்னுதான் ஆரம்பிச்சேன். அரிசிய தெனமும் தண்ணி மாத்தி மூணு நாள் ஊறப்போட்டு துணில ஒணத்தணும், ஜூலை புனே மழைல எங்க ஒணரும், ஃபேன் போட்டும் ஒரு வாட வந்துருச்சு, கொட்டிட்டேன். அப்பறம்தான் சதாசிவ் பேட் பக்கம் ஒரு பழைய கடை. அந்த ஒரு மாசமும் அங்க கூட்டம்னா கூட்டம், டோக்கன் வாங்கிட்டு முக்கா மணி நேரம் நின்னேன், உக்கார ஒரு ஸ்டூல் கூட இல்ல.

ருசி சொல்லணும்னா, நல்லாவே இருந்துச்சு. நம்ம அதிரசம் மாதிரி பாகு கெடையாது, மாவுலயே வெல்லத்த பெசஞ்சு சில நாள் வெச்சிருவாங்க. கசகசா மேல தட்டி, அந்தப் பக்கம் மேல பாக்கற மாதிரி நெய்ல விட்டு, திருப்பாமலே கரண்டியால நெய்ய மேல மேல ஊத்தி எடுக்கறாங்க, வல மாதிரி ஓட்ட ஓட்டயா விழும், கடிச்சா மொறு மொறுன்னு ஒடையுது. நம்முளுது மெத்துனு இருக்கும், ரெண்டையும் கம்பேர் பண்றதே தப்பு. ஏலக்கா வாசன கொஞ்சம் வந்திருந்தா எனக்கு இன்னும் புடிச்சிருக்கும், ஆனா அது என் ஊர் நாக்கு.

கோவம் எங்கன்னா பேக்கிங்ல. 33 எண்ணிப் போடுங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன், வீட்ல வந்து தாம்பாளத்துல அடுக்குனா 32 முழுசா இருக்கு, மிச்சம் ஒரே ஒரு பாதி, அதோட ஜோடிய காணோம். போன் பண்ணா எடுக்கல. எனக்கு அழுகையே வந்துருச்சு. மாப்பிள்ள எட்டிப் பாத்துட்டு, "அத்தை, 32ம் அரையும்தான் கரெக்ட் கணக்கு, கடைக்காரன் பஞ்சாங்கம் படிச்சிருக்கான்"ன்னு சிரிச்சிட்டு அந்தப் பாதிய எடுத்து வாயில போட்டுக்கிட்டார்.

ருசிக்கு நாலு ஸ்டார், சர்வீஸுக்கு ஒன்னு. அடுத்தது 2026ல அதிக ஜேஷ்டம், மே 17ல ஆரம்பம். மே வெயில்ல மொட்ட மாடில அரிசி அரை நாள்ல ஒணந்துரும், அப்ப இவங்க டோக்கன் எனக்கு எதுக்கு.