காக்ஸ் டவுனில் ஒரு மாலை வகுப்பு: உரோமை ஆட்சியில் முதல் கிறிஸ்தவர்கள்

பெங்களூர் காக்ஸ் டவுனில், ஒரு பங்கு ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில், உரோமைப் பேரரசின்கீழ் வாழ்ந்த முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களைப் பற்றித் தமிழில் ஆறு அமர்வுகள் கொண்ட ஒரு வகுப்பு நடைபெறுகிறது. சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். கட்டணம் 600 ரூபாய். தேநீரும், ஒளிநகல் எடுத்துத் தைத்த ஒரு பாடக்குறிப்பும் அதில் அடக்கம். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் நடத்துகிறார். பங்கு உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் சேர்ந்த சுற்றில் ரசல் மார்க்கெட்டில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர் ஒருவரும், கோலார் தங்கவயலிலிருந்து வந்து லிங்கராஜபுரத்தில் குடியேறிய குடும்பத்தினர் சிலரும், இரவுப் பணிக்குப் போகும் வழியில் வந்து அமரும் செவிலியர் இருவரும், எந்த ஆலயத்தையும் சேராத ஒரு மென்பொருள் பொறியாளரும் இருந்தார்கள்.

இந்தப் பொருள்பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது திருவிழா மேடை வழியாக வந்தது. செபஸ்தியார் நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கிறிஸ்தவர்களை வதைத்த உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் என்றால் முறுக்கு மீசையும் ஜிகினாக் கிரீடமும்தான். அவன் அரியணையில் அமர்ந்து கர்ஜிப்பான், அடுத்த காட்சியில் சிங்கம் வரும். அம்மையார் நாடகத்தைக் கேலி செய்யவில்லை, ஆனால் முதல் அமர்விலேயே அதை மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டார். கி.பி. 64-இல் உரோமை நகரம் தீப்பற்றி எரிந்தபின் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மீது போட்டு அவர்களைக் கொன்றது உண்மை. அதை எழுதி வைத்த உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸே கிறிஸ்தவர்களை வெறுத்தவர் என்பதால் அந்தச் சாட்சியத்துக்கு வலு அதிகம். ஆனால் அது தலைநகரோடு நின்ற கொடுமை. அதற்குப்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், பேரரசு முழுவதற்குமான ஆணை என்று எதுவும் இல்லை. ஒரு நகரத்தில் யாரோ குற்றம் சாட்டினால், அங்குள்ள ஆளுநரின் மனப்போக்கையும் கூட்டத்தின் கூச்சலையும் பொறுத்து உயிர் போகும் அல்லது தப்பும். நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்கள் புதைப்பதற்காக வெட்டப்பட்டவை, யாரும் அவற்றில் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருக்கவில்லை என்றும், நம்பிக்கைக்காக இறந்தவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடிய சிலரே என்று 248-ஐ ஒட்டிக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதியிருக்கிறார் என்றும் அவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, இப்படியெல்லாம் சொன்னால் மறைசாட்சிகளின் மதிப்புக் குறையாதா என்று கேட்டார். "செத்தவங்க கம்மின்னா பயம் கம்மின்னு அர்த்தமில்லை, ஐயா. நாளைக்கு யாரு காட்டிக்கொடுப்பாங்கன்னே தெரியாம இருந்தாங்க, அதைப் பாருங்க" என்றார் அம்மையார். பெரியவர் அமர்ந்தார், சமாதானம் ஆனதாக முகம் சொல்லவில்லை, ஆனாலும் கடைசி அமர்வுவரை தவறாமல் வந்தார்.

இந்த வகுப்பை மற்ற சொற்பொழிவுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, அது புகழுரைகளை விட்டுவிட்டு அரசு ஆவணங்களைக் கையில் எடுப்பதுதான். கடிதம், விசாரணைக் குறிப்பு, சான்றிதழ், சொத்துப் பட்டியல் என்று வதைத்தவர்கள் தரப்பில் எழுதப்பட்ட தாள்களைத் தமிழாக்கிக் கொடுத்து, எங்களையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். இரண்டாம் அமர்வு முழுவதும், 112-ஐ ஒட்டி இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா மாநிலத்தின் ஆளுநராக இருந்த இளைய பிளினி பேரரசர் ட்ராஜனுக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும்தான். பொறியாளர் பிளினியாகவும், செவிலியரில் ஒருவர் ட்ராஜனாகவும் படித்தார்கள். தன் முன் நிறுத்தப்பட்டவர்களிடம் நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்டு, விடாமல் ஆம் என்றவர்களைக் கொல்ல அனுப்பிய பிளினி, இந்தப் பெயர் வைத்துக்கொண்டதே குற்றமா, அல்லது பெயரோடு ஒட்டிய குற்றங்கள் ஏதும் உண்டா என்பது தனக்கே தெளிவாகவில்லை என்று அதே கடிதத்தில் கேட்கிறார். உண்மையை அறிய, அந்தச் சபையில் திருப்பணியாளர்களாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் பார்த்திருக்கிறார். மிதமிஞ்சிய ஒரு மூடநம்பிக்கையைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்பது அவர் முடிவு. குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுவார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுவார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள், பிறகு கூடி எளிய உணவு உண்பார்கள். முதல் தலைமுறைகளின் வழிபாடுபற்றி வெளியாள் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய விவரம் இதுதான். அது ஒரு கொலைத் தண்டனைக் கோப்புக்குள் இருக்கிறது.

அதே கடிதத்தில், கையொப்பமில்லாத ஒரு பட்டியல் தன் மேசைக்கு வந்ததாகவும், தன் நடவடிக்கைக்குப் பிறகு கோவில்களுக்கு மீண்டும் கூட்டம் வருகிறது, வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சி மறுபடி விற்கிறது என்றும் பிளினி எழுதுகிறார். இந்த இடம் வந்ததும் ரசல் மார்க்கெட் அண்ணன் சிரித்துவிட்டார். "அப்போ அந்த மொட்டைக் கடுதாசி போட்டவன் கறிக்கடைக்காரனாத்தான் இருப்பான், டீச்சர்" என்றார். அம்மையார் அதைச் சிரித்துத் தள்ளாமல், எபேசு நகரில் வெள்ளியில் கோவில் வடிவங்கள் செய்து விற்ற தெமேத்திரியு, தன் தொழில் படுத்துவிடும் என்று பவுலுக்கு எதிராக ஊரைத் திரட்டிய கதையைத் திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக் காட்டி, பகைக்குப் பக்தி மட்டுமே காரணமாக இருந்ததில்லை என்பதை விளக்கினார். ட்ராஜன் பதிலில், கிறிஸ்தவர்களைத் தேடிப் போக வேண்டாம், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கலாம், மறுத்துத் தெய்வங்களை வணங்கினால் மன்னிக்கலாம், மொட்டைக் கடிதங்களை ஏற்கவே கூடாது என்கிறார். குற்றவாளி என்றால் ஏன் தேடக்கூடாது, தேடக்கூடாதவன் என்றால் ஏன் தண்டிக்க வேண்டும் என்று 197-இல் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதைக் கிழித்தெடுத்ததையும் உடன் வைத்துப் படித்தபோது, ஒரு பேரரசின் சட்டக் குழப்பம் எப்படி உயிர்களோடு விளையாடியது என்பது துலக்கமாகப் புரிந்தது.

மூன்றாம் அமர்வு பெர்பெத்துவாவுக்கானது. 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த ஏறத்தாழ 22 வயதுப் பெண், சிறையில் தன் கையாலேயே எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நரைத்த தலையோடு காலில் விழுந்து கெஞ்சும் தந்தையைப் பார்க்கும்போது அவளுக்கு வரும் வேதனையை எந்தப் புகழ்மாலையும் அவ்வளவு நெருக்கமாகச் சொன்னதில்லை. அவளோடு சிறையில் இருந்த அடிமைப் பெண் பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளைக் கொல்ல உரோமைச் சட்டம் இடம் தராததால், தோழர்களோடு சேர்ந்து சாக முடியாமல் பின்தங்கிவிடுவோமோ என்பதே அவளுடைய கவலையாக இருந்தது. நாள் நெருங்குமுன் சிறையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி அதை எடுத்து வளர்த்தாள். இதைக் கேட்கும்போது பிரசவ அறையில் வேலை செய்யும் செவிலியர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வலிமையான பகுதியின் பின்னணியில் தன்னார்வலர் ஒருவர் சோக வயலின் இசையை ஓடவிட்டதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் எழுத்துக்கு வயலின் தேவையில்லை.

நான்காம் அமர்வுக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். 250-இல் நடைமுறைக்கு வந்த பேரரசர் டேசியஸின் ஆணைதான் பேரரசின் குடிகள் அனைவரையும் தெய்வங்களுக்குப் பலியிடச் சொன்ன முதல் ஆணை. பலியிட்டவர் அதற்குரிய குழுவிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40-க்கும் மேற்பட்டவை எகிப்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்தார்கள்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பானப்பலி வார்த்து, பலியிட்டு, படையலைச் சுவைத்தேன், இதற்குச் சான்றளிக்க வேண்டுகிறேன் என்று விண்ணப்பம், கீழே அதிகாரியின் ஒப்பம், தேதி. தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு நின்றவர் எவருக்கும் இந்த நடை அன்னியமாக இராது. சான்றிதழ் வாங்கியவர்களில் ஒருத்தி, முதலைத் தெய்வமான பெத்தெசூக்கோஸின் பூசாரி அவுரேலியா அம்மோனுஸ். கோவில் பூசாரியே போய் நானும் தெய்வ நம்பிக்கை உள்ளவள்தான் என்று எழுதி வாங்கியிருக்கிறாள் என்றால், ஆணை கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்துப் பிறந்ததா, அல்லது எல்லையில் கோத்தியர்களின் தாக்குதலுக்கு நடுவே ஒரு புதிய பேரரசன் குடிகள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்க நினைத்ததா என்ற கேள்வி எழுகிறது. விளைவு எப்படியும் கிறிஸ்தவர்கள் தலையில்தான் விழுந்தது.

பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மற்றவர்கள் சிறைக்குப் போனார்கள். 251-இல் டேசியஸ் போர்க்களத்தில் மடிந்தபின், பலியிட்டோ சான்றிதழ் வாங்கியோ விழுந்தவர்கள் ஆலய வாசலில் வந்து நின்றபோது அவர்களை என்ன செய்வது என்ற வழக்கு திருச்சபையையே பிளந்தது. கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் அந்த நாட்களில் ஊருக்கு வெளியே மறைந்திருந்து கடிதங்கள் வழியாகச் சபையை நடத்தியவர். ஓடிப்போனவர் மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லலாமா என்று அவர்மேலேயே கல் விழுந்தது. உரோமையில் நொவாத்தியன் என்ற குரு, விழுந்தவர்களைச் சேர்க்கவே கூடாது என்று தனி அணி கண்டார். சிப்பிரியான், விசாரித்து, தவம் செய்யவைத்து, அவரவர் செய்ததற்கு ஏற்பச் சேர்க்கும் நடுவழியை எடுத்தார். 258 செப்டம்பர் 14 அன்று வலேரியன் ஆட்சியில் தலை வெட்டப்பட்டு இறந்தார். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவன் பாவியா என்று மண்டபத்தில் கிளம்பிய விவாதம் ஏழு மணியைத் தாண்டியும் ஓயவில்லை. காவலாளி விளக்கை அணைக்க வந்துவிட்டார்.

ஐந்தாம் அமர்வில் வந்தது வட ஆப்பிரிக்காவில் நுமிதியா நாட்டுச் சிர்த்தா நகரின் ஆவணம். ஆலயங்களை இடித்து வேதநூல்களை எரிக்கச் சொன்ன தியோக்கிளேசியனின் ஆணைப்படி, 303 மே 19 அன்று நகர அதிகாரி முனாசியுஸ் ஃபெலிக்ஸ் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போய்ச் சோதனையிட்டார். எழுத்தர் வரிக்கு வரி பதிந்திருக்கிறார். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெண்கல விளக்குகள், பெண்களுக்கான மேலங்கி 82, ஆண்களுக்கானது 16, பெண்களின் காலணி 47 இணை, ஆண்களுடையது 13 இணை. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிமணிகளாகவே இவற்றை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெண்களுக்கானவை இத்தனை மடங்கு கூடுதலாக இருப்பதை நோக்கும்போது, அந்தச் சபையின் வாசலில் யார் அதிகம் வந்து நின்றார்கள் என்பதை ஒரு விரோதியின் கணக்கேடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. நூல்கள், வழிபாட்டில் வேதம் வாசிக்கும் பணியாளர்களான வாசகர்களின் வீடுகளில் இருந்தன. அந்த வாசகர்கள் யார் என்று கேட்டபோது துணைத் திருத்தொண்டர் இருவர், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, வேண்டுமானால் எங்களைக் கொல்லுங்கள் என்று நின்றார்கள். ஆனாலும் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். கொத்தேயோ என்பவர் வீட்டில் அவர் இல்லை. மனைவி ஆறு நூல்களை எடுத்து வந்து கொடுத்தாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். அரசு அடிமை உள்ளே போய்த் தேடிவிட்டு, தேடினேன், கிடைக்கவில்லை என்று வந்து சொன்னான். அவ்வளவுதான் பதிவு. அன்று வெள்ளி விளக்கு ஒன்றை எடுத்துக்கொடுத்த துணைத் திருத்தொண்டர் சில்வானுஸ் பிற்பாடு அதே ஊருக்கு ஆயரானார். 320-இல் நடந்த ஒரு வழக்கில் அவருக்கு எதிராகவே இந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டது. அதனால்தான் இது அழியாமல் நமக்குக் கிடைத்தது.

குறைகளுக்கு வருகிறேன். ஆறாம் அமர்வு ஓட்டமாக ஓடியது. நோயில் கிடந்த பேரரசன் கலேரியுஸ் 311-இல் வதையை நிறுத்தி, தன் நலனுக்காகவும் நாட்டின் நலனுக்காகவும் உங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று கிறிஸ்தவர்களையே கேட்டுக்கொண்ட ஆணை, பிளினி கடிதத்துக்கு இணையாக நிறுத்திப் படிக்க வேண்டிய ஒன்று. அது இரண்டு வாக்கியங்களில் முடிந்துபோனது. கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த 313-இன் மிலான் உடன்பாட்டோடு வகுப்பையே மூடிவிட்டதைத்தான் பெரிய குறையாகச் சொல்வேன். வதையில் விழுந்தவர்களின் கைப்பட்ட திருச்சடங்குகள் செல்லாது என்று பிரிந்த தொனாத்தியர்களின் ஆலயங்களைப் பறிக்கப் பேரரசன் கான்ஸ்டன்டைனே ஆணையிட்டார். 385-ஐ ஒட்டித் திரையர் நகரில் கிறிஸ்தவப் பேரரசன் ஒருவனின் நீதிமன்றம் பிரிசில்லியன் என்ற கிறிஸ்தவ ஆயருக்கே மரண தண்டனை கொடுத்தது. வதைபட்டவர்களின் வாரிசுகள் அரசின் வாளைக் கையில் வாங்கிய இந்தக் கட்டத்தையும் அதே நேர்மையோடு ஆவணம் ஆவணமாகப் படித்திருக்க வேண்டும். இடைவேளையில் கேட்டபோது, நேரம் இல்லை என்றார் அம்மையார். கொலோசியம்பற்றி ஒரு முழு அரைமணி நேரம் செலவானதை நான் நினைவூட்டவில்லை.

பாடக்குறிப்பின் தமிழாக்கங்கள் தெளிவானவை, வரைபடங்கள் பயனற்றவை. ஒளிநகல் கருமையில் பித்தினியாவும் சிரியாவும் ஒரே மசியாக இருக்கின்றன. மண்டபத்தின் பின்பாதிக்கு மின்விசிறிச் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்பதில்லை. ஐந்து மணிக்குமுன் போய் முன்னால் இடம் பிடிப்பது நல்லது. இணையவழியாகவும் சேரலாம் என்கிறார்கள்; ஆனால் வாய்விட்டுப் படிப்பதும் வாதிடுவதும்தான் இங்கே பாடம் என்பதால், நேரில் வர முடியாதவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். பக்தி எழுப்புதல் கூட்டத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்துவரலாம். பெர்பெத்துவா அமர்வில் வரும் கொலைக் காட்சிகளைமட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அடுத்த சுற்றுக்கான பெயர்ப் பதிவு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய அலுவலகத்தில் நடக்கிறது. பணத்தை ரொக்கமாகத்தான் வாங்குகிறார்கள், ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.